கைப்பற்றப்பட்ட ஜீரோ: கொடைக்கானல் வரை பயமுறுத்திய விமானத்துக்குள் என்ன இருந்தது?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி, சுருக்கி இங்கே தருகிறோம்.)

கொடைக்கானல் போனவர்களில் பாதிப் பேராவது பேரிஜம் ஏரியைப் பார்த்திருப்பீங்க. மோயர் பாயிண்ட் பக்கம் வனத்துறை அனுமதி வாங்கி, காட்டுக்குள்ளே போகிற ரோடு. ஏரியைப் பார்த்துவிட்டு டூரிஸ்ட் வண்டிகள் எல்லாம் திரும்பிவிடும். ஆனால் அந்த ரோடு ஏரியோடு முடிவதில்லை. அதற்கு அப்பாலும் மேற்கே ஏறி, வந்தரவு மலையை ஒட்டி டாப் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து மூணாறுக்கும் இறங்குகிறது. பொதுப் போக்குவரத்துக்கு அதை 1990-ல் மூடிவிட்டார்கள். இப்போது அது சோலைக்காட்டுக்குள் இருக்கிறது. பழைய ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'எஸ்கேப் ரோடு'.

எதிலிருந்து எஸ்கேப்? ஜப்பானிடமிருந்து.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஜப்பான் படை சென்னையில் இறங்கிவிட்டால் கொடைக்கானலில் இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் எப்படித் தப்பிப்பது? மலை வழியாகவே மூணாறு போய், அங்கிருந்து கொச்சித் துறைமுகம் போய்க் கப்பல் ஏற வேண்டும். ஏற்கெனவே இருந்த மலைப்பாதையை அதற்காகத்தான் தயாராக வைத்திருந்தார்கள். பழனி மலைக்கு ஒரு ஜப்பான் சிப்பாயும் வரவில்லை. ஆனால் பயம் வந்தது. ரோடாகவே வந்தது.

இன்றைக்குப் பேசப்போவது அந்தப் பயத்துக்குப் பின்னால் இருந்த விமானத்தைப் பற்றி. மிட்சுபிஷி ஏ6எம், எல்லோருக்கும் தெரிந்த பெயர் 'ஜீரோ'. அதை எதிரிகள் எப்படிக் கைப்பற்றினார்கள், பிரித்துப் பார்த்தபோது உள்ளே என்ன கண்டார்கள், மிச்சம் இன்று எந்தெந்த மியூசியத்தில் இருக்கிறது, இந்தியாவில் என்ன இருக்கிறது. இதுதான் இன்றைய ரூட் மேப்.

1942 ஏப்ரல்: பயம் வெறும் கற்பனையா?

முதலில் இதைத் தீர்த்துவிடலாம். அந்தப் பயம் முட்டாள்தனமா? இல்லை. அதற்குக் கணக்கு இருந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 4-ஆம் தேதி இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலீனா ரோந்து விமானம், தெற்கே கடலில் ஜப்பானின் பெரிய கப்பற்படையைப் பார்த்தது. அதை ஓட்டியவர் லியோனார்ட் பர்ச்சால் என்ற கனடாக்காரர். ரேடியோவில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. அவர் போர்க்கைதியானார், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றில் 36 ஜீரோக்கள். எதிர்த்து எழும்பிய பிரிட்டிஷ் விமானங்களில் பெரும்பாலானவை ஹரிகேன். அன்று ஜப்பான் இழந்தது ஏழு விமானங்களை, பிரிட்டிஷ் தரப்பு இழந்தது இருபதுக்கும் மேல். அதே நாளில் இரண்டு பிரிட்டிஷ் க்ரூசர் கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 9-ல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அது இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது, டைவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இடையில் ஏப்ரல் 6. வங்காள விரிகுடாவில் தனியாகச் சுற்றிய 'ரியூஜோ' என்ற இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலின் குண்டுவீச்சு விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. ரியூஜோ என்ற பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

விசாகப்பட்டினம் அப்போது மதராஸ் மாகாணம். அப்படியென்றால் அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரசு அலுவலகங்களை ஊரைவிட்டு வெளியே மாற்றினார்கள். மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அந்த ஏப்ரலில் சென்னைக்கு யாருமே வரவில்லை. ஜப்பான் கப்பற்படை வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

இப்போது மேப்பை எடுத்துப் பாருங்க. கொழும்பிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 450 கிலோமீட்டர். கூடுதல் டேங்க் மாட்டினால் ஒரு ஜீரோ 3,000 கிலோமீட்டருக்கு அருகில் பறக்கும். அந்தக் காலத்தில் ஒற்றை இன்ஜின் போர் விமானத்துக்கு இது நம்பவே முடியாத தூரம். ஜப்பானின் திட்டம் என்னவென்று கொடைக்கானலில் யாருக்கும் தெரியாது. விமானம் எவ்வளவு தூரம் வரும் என்பது மட்டும் தெரியத் தொடங்கியிருந்தது.

எடை என்கிற பட்ஜெட்

ஜீரோவை வடிவமைத்தவர் ஜிரோ ஹொரிகோஷி. மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' அனிமே பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும், அதன் நாயகன் இவர்தான். 1937-ல் ஜப்பான் கடற்படை மிட்சுபிஷியிடம் ஒரு ரெக்வயர்மென்ட் லிஸ்ட் கொடுத்தது. வேகமாகப் போகணும், வேகமாக மேலே ஏறணும், நெடுந்தூரம் பறக்கணும், சட்டென்று திரும்பணும், கப்பலிலிருந்து கிளம்பணும், இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கியும் வேணும். நம்ம ஃபீல்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு லிஸ்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். எல்லாமே ஒன்றுக்கொன்று முரண்.

போதாததற்கு இன்ஜின் சின்னது. 1942-ல் பறந்த ஜீரோவின் நகாஜிமா சகாயே இன்ஜின் சுமார் 940 குதிரைத்திறன். அதே சமயம் கொழும்பில் நின்ற ஹரிகேனின் மெர்லின் இன்ஜின் 1,100-க்கும் மேல். சக்தியைக் கூட்ட முடியாதென்றால் எடையைக் குறைக்க வேண்டும். ஹொரிகோஷி அதைத்தான் செய்தார், வெறித்தனமாகச் செய்தார். இறக்கையும் உடலின் நடுப்பகுதியும் ஒரே துண்டாக, இணைப்பு போல்ட்டுகளின் எடையே இல்லாமல் கட்டினார். உள் தகடுகளில் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஓட்டை போட்டார். சுமிடோமோ நிறுவனம் 1936 வாக்கில் கண்டுபிடித்த, துத்தநாகம் கலந்த புதிய அலுமினியக் கலவையை இறக்கையின் முதுகெலும்புக்குப் பயன்படுத்தினார். இன்றைக்கு விலை கூடிய சைக்கிள் ஃப்ரேமிலும் போன் பாடியிலும் வருகிற 7000 வரிசை அலுமினியம் அதே குடும்பம்தான்.

விளைவு? ஜீரோவின் காலி எடை சுமார் 1,680 கிலோ. ஹரிகேன் சுமார் 2,600. சின்ன இன்ஜின், ஆனால் தூக்க வேண்டியதும் குறைவு. முதல் பறப்பு 1939 ஏப்ரல் 1. கடற்படை ஏற்றது 1940-ல். ஜப்பானியப் பேரரசு நாட்காட்டியில் அது 2600-ஆம் ஆண்டு, கடைசி இலக்கம் பூஜ்யம். அதனால்தான் 'டைப் ஜீரோ'.

1940 செப்டம்பரில் சீனாவின் சுங்கிங் நகரத்துக்கு மேலே 13 ஜீரோக்கள் சீனப் படையின் 27 விமானங்களோடு மோதின. ஜீரோ ஒன்றுகூட விழவில்லை. இதையெல்லாம் கேட்டவர்கள் ஜீரோ என்றால் மந்திரம் என்று நினைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பட்ஜெட்டில் ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால் இன்னோரிடத்தில் அது செலவாகத் தெரிந்தாக வேண்டும், இல்லையா? அந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

முதல் ஜீரோ கராச்சி வழியாக

சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு சூழல் உண்டு. சோர்ஸ் கோட் இல்லை, டாக்குமென்டேஷன் இல்லை, எதிரியின் பைனரி மட்டும் கையில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் பிரித்துப் பார்க்கலாம். ஜீரோ விஷயத்தில் பைனரி கிடைப்பதே பெரும்பாடு. போரில் விழும் விமானம் பெரும்பாலும் எரிந்த குவியலாகத்தான் கிடைக்கும்.

1941 நவம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே, தென் சீனாவின் லெய்ஜோ தீபகற்பத்தில் தரையிறங்கிய ஒரு ஜீரோ சீனர்கள் கையில் சிக்கியது. அதற்கு உயிர் கொடுத்தவர் கெர்ஹார்ட் நியூமன், ஃப்ளையிங் டைகர்ஸ் படையில் மெக்கானிக்காக இருந்த ஜெர்மானியர். கிடைத்த பாகங்களை வைத்து அதைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். 1943-ல் அந்த விமானம் கராச்சி வழியாக அமெரிக்கா போனது. அப்போதைய கராச்சி பிரிட்டிஷ் இந்தியா. ஆக, கைப்பற்றப்பட்ட ஜீரோ ஒன்று நம் துணைக்கண்டத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நியூமன் பின்னாளில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விமான இன்ஜின் பிரிவுக்கே தலைவரானார். எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரில் ஓடிய ஜே79 ஜெட் இன்ஜினின் பின்னால் இருந்தவரும் அவர்தான். கையில் ஸ்பேனரோடு ஆரம்பித்தவர்.

ஆனால் எல்லோரும் பேசுவது இன்னொரு ஜீரோவைப் பற்றி.

சதுப்பில் கவிழ்ந்த 19 வயது

1942 ஜூன் 4. அலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. விமானங்கள் கிளம்பிய கப்பல்களில் ஒன்று ரியூஜோ. ஆமாம், இரண்டே மாதம் முன்பு காக்கிநாடாவில் குண்டு போட்ட அதே கப்பல்.

அதிலிருந்து பறந்த டடயோஷி கோகாவுக்கு வயது 19. கீழேயிருந்து சுட்டதில் அவருடைய ஜீரோவின் ஆயில் குழாயில் ஓட்டை விழுந்தது. இப்படி ஆனால் இறங்குவதற்காக அகுடான் என்ற தீவை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள், நீர்மூழ்கிக் கப்பல் வந்து விமானியை ஏற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தபோது பச்சைப் புல்வெளி. கோகா சக்கரங்களை இறக்கித் தரையைத் தொட்டார். அது புல்வெளி இல்லை, சதுப்பு. சக்கரம் புதைந்தது, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. கோகா அங்கேயே இறந்துபோனார்.

கூட வந்த இரண்டு ஜீரோக்கள் மேலே வட்டமிட்டன. எதிரி மண்ணில் விழுந்த விமானத்தைச் சுட்டு எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் நண்பன் உள்ளே உயிரோடு இருக்கலாமே? அவர்களால் சுட முடியவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து, ஜூலை 10-ல் வழி தவறிய ஓர் அமெரிக்க ரோந்து விமானத்தின் கண்ணில் அது பட்டது. கோகாவைப் பக்கத்திலேயே புதைத்தார்கள். விமானத்தைச் சேற்றிலிருந்து இழுத்துக் கப்பலேற்றி, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தார்கள். செப்டம்பர் 20-ல் எட்டி சாண்டர்ஸ் என்ற டெஸ்ட் பைலட் அதைப் பறக்கவிட்டார். அடுத்த சில வாரங்களில் மொத்தம் 24 முறை.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை

சாண்டர்ஸ் கண்டுபிடித்தவற்றில் மூன்று முக்கியம்.

ஒன்று: வேகம் 200 நாட், அதாவது மணிக்கு சுமார் 370 கிலோமீட்டரைத் தாண்டினால் இறக்கை நுனியின் ஏலெரான்கள் கல் மாதிரி இறுகிவிடும். விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டவே பலம் போட வேண்டும். குறைந்த வேகத்தில் நடனமாடும் ஜீரோ, அதிவேகத்தில் திரும்ப மறுத்தது.

இரண்டு: அந்த வேகத்தில் இடது பக்கம் உருள்வதைவிட வலது பக்கம் உருள்வது இன்னும் கஷ்டம்.

மூன்று: மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இன்ஜின் ஒரு கணம் நின்றுபோகும். காரணம் மிதவை வைத்த கார்புரேட்டர். ஸ்கூட்டர் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். உள்ளே சின்னத் தொட்டியில் பெட்ரோல், அதன் மட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மிதவை. தொட்டி சட்டென்று கீழே போனால் பெட்ரோல் மேலே எழும்பும், இன்ஜினுக்குப் போகிற வழி காலியாகும். ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் மெர்லினுக்கும் இதே வியாதி இருந்தது. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினியர் சின்ன ஓட்டை வைத்த ஒரு வளையத்தைப் போட்டு அதை ஓரளவு சமாளித்தார்.

இப்போது விமானிக்கு ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டது. ஜீரோ பின்னால் ஒட்டிக்கொண்டால் மூக்கைக் கீழே தள்ளு, வேகத்தைக் கூட்டு, வலது பக்கம் திரும்பு. அவனால் தொடர முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம், டெஸ்ட் ஃப்ளைட் இல்லாமலே கண்ணுக்குத் தெரிந்தது. விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு இல்லை. பெட்ரோல் டேங்கில் குண்டு பட்டால் தானாக அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறை இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்களில் அப்போதே இவை வரத் தொடங்கியிருந்தன. ஜீரோவின் எடை எங்கே குறைந்தது என்ற கேள்விக்கு இதுவும் பதில். மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதியின் விலையைக் கொடுத்தது அதற்குள் உட்கார்ந்த ஆள். சில தோட்டாக்கள் பட்டாலே தீப்பிடிக்கும்.

மந்திரம் என்று நினைத்ததைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ட்ரேட்-ஆஃப். மந்திரத்தோடு சண்டை போட முடியாது, ட்ரேட்-ஆஃபோடு போடலாம். கைப்பற்றிய விமானம் தந்த பெரிய விடுதலை அது என்று நான் நினைக்கிறேன்.

ஹெல்கேட் கட்டுக்கதை

யூடியூபில் அடிக்கடி வரும் ஒரு கதையையும் இங்கே உடைத்துவிடலாம். "அகுடான் ஜீரோவைப் பார்த்துத்தான் அமெரிக்கா ஹெல்கேட் விமானத்தை வடிவமைத்தது" என்பார்கள். தேதியைப் பாருங்க. ஹெல்கேட்டின் முதல் மாதிரி பறந்தது 1942 ஜூன் 26. அகுடான் ஜீரோ கண்ணில் பட்டது ஜூலை 10. விமானம் முதலில் பறந்துவிட்டது, துப்பு பிறகுதான் கிடைத்தது. ஒற்றை விமானம் போரை மாற்றியது என்பது கேட்க நன்றாக இருக்கும். அது போரிடும் முறைக்கு உதவியது, விமானிகளின் பயத்தைக் குறைத்தது. ஜப்பான் தோற்றதற்கு எண்ணெய், தொழிற்சாலை, பயிற்சி பெற்ற விமானிகளின் எண்ணிக்கை என்று பெரிய காரணங்கள் இருந்தன. கோகா விழுந்த அதே ஜூன் மாதத் தொடக்கத்தில்தான், இலங்கையைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் மூன்று மிட்வேயில் மூழ்கின.

கல்கத்தாவில் ஒரு பிரிவு, ஜோகூரில் ஒரு விந்தை

கைப்பற்றிய விமானங்களை ஆராய்வது மெல்ல ஒரு துறையாகவே வளர்ந்தது. 1943-ல் கல்கத்தாவில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானப்படைகள் சேர்ந்து தென்கிழக்கு ஆசியாவுக்கான தொழில்நுட்ப உளவுப் பிரிவு ஒன்றைத் தொடங்கின. விழுந்த விமானங்களின் பாகங்களைத் தேடி எடுத்து ஆராய்வது அதன் வேலை.

போர் முடிந்ததும் அது சிங்கப்பூர், மலாயா பக்கம் போனது. ஜோகூரில் தெப்ராவ் என்ற இடம், அங்கே ஒரு விமானத்தளம். அங்கே நடந்ததுதான் விந்தை. ஜப்பான் விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்க வேண்டும், ஆனால் அவற்றை நன்கு அறிந்தவர்கள் யார்? சரணடைந்த ஜப்பான்காரர்கள்தான். அதனால் பிரிட்டிஷ் அடையாளம் பூசிய ஜீரோவை, பிரிட்டிஷ் அதிகாரிகளின் மேற்பார்வையில், ஜப்பான் விமானிகளே ஓட்டினார்கள், ஜப்பான் மெக்கானிக்குகளே பராமரித்தார்கள். சில மாதம் முன்பு வரை ஒருவரையொருவர் சுட்டவர்கள்.

1946-ல் பிரிவைக் கலைத்தார்கள். நிறைய விமானங்களை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாதுகாக்க ஆசைதான், ஆனால் கப்பலில் இடமில்லை. ஒருசில மட்டும் போயின, மற்றதெல்லாம் இரும்புக்கடைக்கு. அப்படித் தப்பிய கி-46 'டைனா' என்ற உளவு விமானம் இன்று பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. உலகத்தில் முழுதாக மிஞ்சியிருக்கும் ஒரே டைனா அதுதான். ஒரு கப்பலில் கொஞ்சம் இடம் இருந்ததால் மிஞ்சியது.

மிஞ்சியதும் மிஞ்சாததும்

ஜீரோ மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல் தயாரித்தார்கள். அவ்வளவு புகழ்பெற்ற அகுடான் ஜீரோ எங்கே இருக்கிறது தெரியுமா? எங்கேயும் இல்லை. 1945 பிப்ரவரியில் சான் டியேகோவில், தரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த ஓர் அமெரிக்க ஹெல்டைவர் விமானம் மோதி, அதன் ப்ரொப்பெல்லர் ஜீரோவைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. சில மீட்டர் கருவிகளை ஓர் அதிகாரி எடுத்து வைத்தார். அவை வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை மியூசியத்துக்குப் போயின.

இன்றைக்கும் பறக்கும் கைப்பற்றிய ஜீரோ ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் சினோ நகரில் ப்ளேன்ஸ் ஆஃப் ஃபேம் மியூசியத்தில் இருக்கிறது, வால் எண் 61-120. 1944 ஜூனில் சைபான் தீவில் சிக்கியது. அசல் சகாயே இன்ஜினோடு பறப்பது இது ஒன்றுதான். ஜப்பானுக்கே கொண்டுபோய்ப் பறக்கவிட்டும் காட்டியிருக்கிறார்கள். டோக்கியோவில் யசுகுனி ஆலயத்தின் மியூசியத்திலும் ஒரு ஜீரோ நிற்கிறது. ஒரே மாடல்தான். ஓரிடத்தில் அது போர்க்கொள்ளை, இன்னோரிடத்தில் நினைவுச்சின்னம்.

டெல்லியில் இருப்பது

சரி, இந்தியாவில்? டெல்லியில் பாலம் என்ற இடத்தில் இந்திய விமானப்படை மியூசியம் இருக்கிறது. பாலம்னா பிரிட்ஜ் இல்லை, ஊர்ப்பெயர். அங்கே ஜீரோ கிடையாது. ஆனால் கொழும்பில் ஜீரோவோடு மோதிய ரகமான ஹரிகேன் இருக்கிறது, ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. கூடவே ஜப்பானிய விமானம் ஒன்றும் இருக்கிறது: 'ஓகா'.

ஓகா என்றால் செர்ரிப்பூ. நீளம் சுமார் 6 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 5 மீட்டர். நம்ம ஊர் மினி பஸ்ஸைவிடச் சின்னது. இறக்கை மரத்தால் ஆனது. மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து. பின்னால் மூன்று திட எரிபொருள் ராக்கெட்டுகள். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம். பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் தொங்கவிட்டு, எதிரிக் கப்பலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டருக்குள் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவார்கள். விமானி அதைக் கப்பல் மேல் மோத வேண்டும். அவ்வளவுதான். இறங்குவதற்குச் சக்கரம் கிடையாது, ஏனென்றால் இறங்கும் திட்டமே கிடையாது.

1945 மார்ச் 21-ல் முதல் தாக்குதலுக்குப் போனபோது தாய் விமானங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை, எல்லாவற்றையும் வழியிலேயே வீழ்த்தினார்கள். ஏப்ரல் 12-ல் ஒகினாவா அருகே மேனர்ட் எல். ஏபல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஓர் ஓகா மூழ்கடித்தது. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாகா', ஜப்பானிய மொழியில் முட்டாள்.

இந்த ஓகாவை ஜீரோவின் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. 1937-ல் ஒரு முடிவு எடுத்தார்கள்: தூரம் வேண்டும், திருப்பம் வேண்டும், அதற்காக விமானியின் பாதுகாப்பில் குறைக்கலாம். வெற்றி கிடைத்தவரை அந்தச் செலவு கணக்கில் வரவில்லை. பிறகு தேர்ந்த விமானிகள் விழ ஆரம்பித்தார்கள். ஒரு விமானத்தைச் சில வாரத்தில் செய்யலாம், ஒரு நல்ல விமானியை அப்படிச் செய்ய முடியாது. பின்னாளைய ஜீரோக்களில் கவசம் சேர்த்தார்கள், ஆனால் இன்ஜின் அதற்கேற்ப வளரவில்லை. 1944 அக்டோபரில் அதே ஜீரோவில் 250 கிலோ குண்டைக் கட்டி, அரைகுறைப் பயிற்சியோடு இளைஞர்களைக் கப்பல்கள் மேல் மோத அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த படி ஓகா. முதலில் விமானியின் கவசத்தைக் கழித்தார்கள், கடைசியில் விமானி திரும்பி வருவதையே கழித்துவிட்டார்கள்.

ஹொரிகோஷியின் கையில் இருந்தது அழகான வடிவமைப்பு, அதில் சந்தேகமே இல்லை. நானும் ஓர் இன்ஜினியர் என்ற முறையில் அந்த 1,680 கிலோவைப் பார்த்தால் வியப்புதான் வருகிறது. ஆனால் எந்த டிசைனைப் பார்த்தாலும் "இதில் மிச்சம் பிடித்தது யாருடைய கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்க ஜீரோ கற்றுத்தருகிறது. டெலிவரி ஆப் எழுதுபவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் அது.

யாருடைய எதிரி?

ஒன்றை விட்டுவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. ஜப்பான் யாருக்கு எதிரி? கொடைக்கானல் பங்களாவில் இருந்தவர்களுக்கு எதிரி, சரி. மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர்களுக்கும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களுக்கும் ஜப்பான் கூட்டாளி. அதே தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுச் செத்த பல்லாயிரம் தமிழர்களுக்கு? அதற்குப் பதில் சொல்ல அவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஒரே கொடி, ஒரே வானம், மூன்று விதமான தமிழ் அனுபவம். இந்த மூன்றில் எதையும் ஒரு விமானத்தின் பக்கத்தில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையில் எழுத இடம் இருக்காது.

அதனால் டெல்லி போனால், அந்த ஓகாவுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்க. செல்ஃபி எடுங்க, தப்பில்லை. ஆனால் முதலில் அந்த இருக்கை எவ்வளவு சின்னது என்று பாருங்க. அப்புறம் கீழே குனிந்து சக்கரம் எங்கே என்று தேடுங்க. பிறகு பக்கத்தில் இருக்கும் ஹரிகேனின் சக்கரத்தைப் பாருங்க.

உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டிய தாத்தா பாட்டி யாராவது இருந்தால், 1942-ல் அவர்கள் குடும்பம் சென்னையிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ கிளம்பியதா என்று இந்த வாரமே கேட்டு, போனில் பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. விமானத்தை மியூசியம் பார்த்துக்கொள்ளும். இதை நாமதான் பார்த்துக்கணும்.